கம்பி கட்டியும் ரேடியோ கரகரக்கிறதா? எங்கே பார்க்க வேண்டும்

மொட்டை மாடியிலிருந்து வேப்ப மரத்துக்கு இருபது மீட்டர் ஒயரை இழுத்துக் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ரேடியோவின் ஏரியலில் கவ்வவிட்டு முதல் தடவை பொத்தானைத் தட்டும்போது மனதில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. கிடைத்தது என்னவோ கொர்ரென்ற ஒரு சத்தம். கம்பி இல்லாமல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த நிலையம்கூட அந்தச் சத்தத்துக்குள் புதைந்துவிட்டது. ஒயர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பத்து மீட்டர் வாங்கிச் சேர்த்தேன். கொர் இன்னும் கம்பீரமாக வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கொர் சட்டென்று அறுந்தது. சிற்றலையின் (ஷார்ட் வேவ்) 31 மீட்டர் பட்டையில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, முள்ளை நகர்த்த நகர்த்த நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன. கம்பி முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. வானத்தோடு சேர்த்து என் வீட்டையும் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்கும் நண்பர்களுக்குமாகப் பல கம்பிகளைக் கட்டி அவிழ்த்தாயிற்று. கோளாறு என்று வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியங்கள் எட்டு ஒன்பதுக்கு மேல் இல்லை. அந்த வாக்கியங்களையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

எந்தக் கம்பியைச் சொல்கிறேன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 10 முதல் 20 மீட்டர் வரை, வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. செம்பு ஒயர். பி.வி.சி. உறையை உரிக்க வேண்டாம். ரேடியோ அலைக்கு அந்த உறை ஒரு தடையே இல்லை. செம்பும் சீக்கிரம் பச்சை பிடிக்காது. இரண்டு முனையிலும் ஒரு சாண் பி.வி.சி. பைப்பில் துளை போட்டு அதில் ஒயரைக் கட்டி, அங்கிருந்து கயிறு. மின்கம்பத்து ஸ்டே கம்பியின் நடுவே முட்டை வடிவில் பீங்கான் இருக்குமே, அது கிடைத்தால் இன்னும் நல்லது. உயரம் ஐந்தாறு மீட்டர் இருந்தாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. தெருவில் போகும் மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ இந்த ஒயர் போகக் கூடாது. அறுந்து விழுந்தால்கூட, காற்றில் பறந்தால்கூட, மின்கம்பியை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மரக்கிளையில் கயிறு போடக் கல்லைக் கட்டி எறியும்போதும் இதே கணக்குதான். எட்டும் என்றால் அந்த இடத்தில் கட்டவே வேண்டாம், வேறு பக்கம் பாருங்கள்.

“கம்பி போட்டதும் நிலையம் கூடியதோ இல்லையோ, இரைச்சல் கூடிவிட்டது”

பத்தில் ஏழு பேரின் புகார் இது. அதனால் இங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதல் வேலை, ரேடியோவை அடாப்டரிலிருந்து கழற்றிப் பேட்டரியில் போடுங்கள். மலிவான அடாப்டர் ஒன்றே போதும், பாதி சிற்றலையை மூடிவிடும். இரைச்சல் அப்போதே போய்விட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்தது.

போகவில்லை என்றால் இரவு எட்டு மணி வாக்கில், வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டு அணையுங்கள். சீரியல் நேரம் வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு “மெயினை அணைத்தேன், சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது” என்பார்கள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் முழு மூச்சில் வேலை செய்யத் தொடங்குகிறது, அந்தச் சத்தம்தான் அது.

எல்லாம் அணைந்தபின் இரைச்சல் விழுந்துவிட்டால் எதிரி உங்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறான். விழவில்லை என்றால் பக்கத்து வீடு அல்லது தெருவின் மின்கம்பம்.

வீட்டுக்குள் என்றால் எம்.சி.பி.களை, அதாவது மெயின் போர்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இருக்கும் சின்ன சுவிட்சுகளை, எல்லாம் இறக்கிவிட்டு, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எந்தச் சர்க்யூட்டில் சத்தம் திரும்பி வருகிறதோ, அந்த அறைக்குப் போய் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்கள். வழக்கமான ஆட்கள் இவர்கள்: எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர், சார்ஜில் செருகியிருக்கும் கொசு பேட், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே சங்கதிதான். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட். ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் ரேடியோ அலை சிந்துகிறது. வீட்டு ஒயரிங் முழுவதும் அதற்கு ஆன்டெனா ஆகிவிடுகிறது.

சத்தத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முள்ளை நகர்த்தும்போது ஐம்பது, அறுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தடவை மேடு மாதிரி இரைச்சல் எழுந்து விழுந்தால் சார்ஜர் வகை. எங்கே திருப்பினாலும் ஒரே சீராக, வண்டு ரீங்காரம் போல இருந்தால் ரெகுலேட்டர் வகை. ஃபேன் வேகத்தை மாற்றிப் பாருங்கள், சத்தமும் கூடவே மாறும்.

என் வீட்டில் இப்படித் தேடியதில் கடைசியில் மாட்டியது மாடிப்படி பல்பு. 9 வாட், விலை மலிவு, பெட்டியில் படித்தாலும் விளங்காத ஒரு பெயர். யாரும் அதை ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவோம், படுக்கும்போது அணைப்போம். என் ஒயர் உள்ளே வருவது சரியாக அந்த மாடிப்படி ஜன்னல் வழியாகத்தான். கையடக்க ரேடியோவை மத்திய அலையில் (மீடியம் வேவ்) நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, படி ஏற ஏறக் காதோடு பிடித்துக்கொண்டு போனேன். பல்புக்கு ஒரு முழம் கீழே வந்ததும் ரேடியோ அலறியது. பல்பை மாற்றினேன். கொர்ரில் முக்கால்வாசி போயே போய்விட்டது.

மீதிக் கால்வாசி? அதற்குத்தான் கம்பியின் வழியை மாற்ற வேண்டும். கம்பி வெளியே எவ்வளவு நீளம் என்பதைவிட, எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, சுவரோரமாக, சுவிட்சு போர்டைத் தாண்டி மேசைக்குக் கொண்டுவந்தால் அந்த நாலு மீட்டரும் வீட்டு இரைச்சலை உறிஞ்சும். வெளியே இருக்கும் இருபது மீட்டர் கொண்டுவரும் நல்ல சிக்னலை உள்ளே இருக்கும் நாலு மீட்டர் கெடுத்துவிடும்.

இதற்கு மருந்து, வெளியே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் அங்கிருந்து ரேடியோ வரை ஆர்.ஜி-6 என்ற கேபிள் டி.வி. ஒயரும். 43 என்ற ரகத்து ஃபெரைட் (கருப்பான காந்தப் பொருள்) வளையம் ஒன்று, ஏறக்குறைய ஒரு வளையல் பாதி அளவு. அதில் மெல்லிய உறை ஒயரால் 15 சுற்று ஒன்று, அதைத் தொடாமல் தனியாக 5 சுற்று இன்னொன்று. 15 சுற்றின் ஒரு முனை ஆன்டெனா கம்பிக்கு, மறு முனை எர்த்துக்கு. 5 சுற்றின் இரண்டு முனையும் ஆர்.ஜி-6 கேபிளின் நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற சுற்று விகிதம் மின்தடையை ஒன்பதுக்கு ஒன்றாக இறக்கும். கம்பி சில நூறு ஓம், கேபிள் 75 ஓம். இரண்டுக்கும் நடுவே இது தரகர் வேலை பார்க்கிறது. இரண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடாததால், வீட்டு இரைச்சல் கேபிளின் வெளி வலை மேல் ஏறி ஆன்டெனாவுக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் அறுந்துவிடும். இதை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

அப்படியும் மிச்சம் இருந்தால் ரேடியோ பக்கத்து முனையில் கேபிளை இன்னொரு ஃபெரைட் வளையத்துக்குள் எட்டுப் பத்து தடவை விட்டு எடுங்கள். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒயரில் கட்டி மாதிரி ஒரு உருளை இருக்கும். அதற்குள்ளும் ஃபெரைட்தான், காயலான் கடையில் கிடைக்கும். அதன் துளைக்குள் பல சுற்று நுழையாது. நாலைந்து உருளைகளை வரிசையாக மாட்டிப் பாருங்கள்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் குழாயில் கட்டு என்பார்கள். அப்போது குழாய் இரும்பு. இப்போது பி.வி.சி.; அதில் கட்டுவதும் நாற்காலிக் காலில் கட்டுவதும் ஒன்றுதான். வீட்டு பிளக்கின் எர்த்தில் கட்டினால் எந்த இரைச்சலை விட்டு ஓடி வந்தோமோ அதையே விருந்துக்கு அழைத்த மாதிரி. தனியாக ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாய் அல்லது செம்பு பூசிய கம்பியை மண்ணில் அடியுங்கள். கொல்லையில் குளியலறைத் தண்ணீர் பாயும் வாழை மரத்தடி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, எப்போதும் ஈரம் இருக்கும்.

வீட்டுக்கு வெளியே இருந்து வரும் இரைச்சலுக்கு நாம் செய்யக்கூடியது குறைவு. மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பில் பொறி தெறித்தால் கரகரவென்று நாள் முழுக்க வரும். நல்ல மழை பெய்து எல்லாம் நனைந்ததும் நின்றுவிடும். கையடக்க ரேடியோவோடு தெருவில் நடந்தால் எந்தக் கம்பம் என்று தெரிந்துவிடும். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் புகார் எழுதுங்கள். ரேடியோ கரகரக்கிறது என்று எழுதினால் சிரிப்பார்கள், பொறி பறக்கிறது என்று எழுதினால் வருவார்கள்.

“கம்பியைச் செருகினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது”

இது இரைச்சல் இல்லை, அறுந்த கதை. எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ரேடியோ பக்கத்து முனையில் நடுக் கம்பிக்கும் வலைக்கும் இடையே அளந்தால் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். 5 சுற்று வழியாக மின்சாரம் போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். ஒன்றும் காட்டவில்லை என்றால் கேபிளோ சுற்றோ அறுந்திருக்கிறது. ஆனால் ஓரிரு ஓம் வந்துவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். கேபிள் நடுவில் ஷார்ட் ஆகியிருந்தாலும் அதே அளவுதான் வரும். டப்பாவில் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் இப்போது எதுவும் காட்டக் கூடாது. கனெக்டர் போடும்போது வலையின் ஒரே ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பதை நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வெறும் ஒயர்தான் என்றால் சோதனை இன்னும் எளிது. 10,000 கிலோஹெர்ட்ஸில் சீனாவின் நேரக்குறி நிலையம் இருபத்து நாலு மணி நேரமும் நொடிக்கு ஒரு டிக் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மாலையில் அதைப் பிடித்துவைத்து, கம்பியைத் தொட்டும் எடுத்தும் பாருங்கள். பேச்சையும் பாட்டையும் விட டிக் டிக்கில் வித்தியாசம் காதுக்குச் சட்டென்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சில ரேடியோக்களில் பக்கவாட்டில் ஆன்டெனா துளை இருக்கும். அது சிற்றலைக்கு மட்டும் வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள். அதில் செருகிக்கொண்டு மத்திய அலையைத் திருப்பினால் வித்தியாசம் எப்படி வரும்? இது அடுத்த புகாருக்குக் கொண்டுபோகிறது.

“சிற்றலை நன்றாக இருக்கிறது, மத்திய அலையில்தான் பலன் இல்லை”

மத்திய அலைக்கு உங்கள் ரேடியோவின் ஆன்டெனா வெளியே நீட்டும் குச்சி இல்லை. உள்ளே கருப்பாக, சாக்பீஸ் கனத்தில் ஒரு ஃபெரைட் தண்டு, அதன் மேல் ஒயர் சுற்று. குச்சியில் எதை மாட்டினாலும் அதற்குத் தெரியாது. கம்பியின் சிக்னலை அந்தத் தண்டுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்டெனா ஒயரின் முனையை ரேடியோவைச் சுற்றி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, மிச்ச முனையை எர்த்தில் கட்டுங்கள். சுற்று தண்டை வளைத்துப் போக வேண்டும். தண்டு படுக்கை வாட்டில் இருக்கும். அப்படியானால் சுற்று ரேடியோவின் மேல், பின், கீழ், முன் என்று பெல்ட் போல வர வேண்டும். எர்த் இல்லாமல் இது வேலை செய்யாது. மின்னோட்டம் சுற்று வழியாக ஓடி எங்காவது போய்ச் சேர்ந்தால்தானே தண்டு அதை உணரும்? ரேடியோவைச் சுற்றினால் முள் தெரியவில்லை, பொத்தான் அமுங்கவில்லை என்றால் ஓர் அட்டைப் பெட்டியில் பதினைந்து சுற்றுச் சுற்றி அதன் பக்கத்தில் ரேடியோவை வையுங்கள். நெருக்கியும் விலக்கியும் பார்த்தால் ஓர் இடத்தில் சிக்னல் பூத்துக்கொண்டு வரும்.

ரேடியோவைத் தட்டாமாலை சுற்றுவது போல மெதுவாகத் திருப்பவும் மறக்காதீர்கள். தண்டின் நுனி ஒரு நிலையத்தை நோக்கினால் அந்த நிலையம் மங்கும், பக்கவாட்டில் இருந்தால் பெருகும். பக்கத்து ஊர் நிலையத்தை அமுக்கிவிட்டுத் தூரத்து நிலையத்தைக் கேட்க இதைவிட மலிவான வழி இல்லை.

மத்திய அலைக்கு எவ்வளவு நீளக் கம்பி வேண்டும் என்று கணக்குப் போட்டு மலைக்கவும் வேண்டாம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் அலையின் நீளம் 416 மீட்டர். கால் அலைக்கே நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது? கேட்பதற்கு அந்தக் கணக்கு அவசியமும் இல்லை. மார்க்கோனி 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துச் சிக்னலைக் கேட்க, பட்டத்தில் கட்டிக் கம்பியைப் பறக்கவிட்டார். அவரிடம் சிக்னலைப் பெருக்கிக்கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் அவ்வளவு கம்பி தேவைப்பட்டது. நம் ரேடியோவுக்குள் பெருக்கி இருக்கிறது. அப்புறம், நீங்கள் பட்டம் விட்டுப் பார்க்க வேண்டாம்.

“ஒரே நிலையம் நாலு இடத்தில் வருகிறது, எல்லாம் கலந்து சந்தைக் கடையாக இருக்கிறது”

கம்பி நன்றாக வேலை செய்கிறது, ரேடியோவால்தான் தாங்க முடியவில்லை. கையடக்க ரேடியோக்கள் முக்கால் மீட்டர் குச்சியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இருபது மீட்டரை மாட்டினால் பலமான நிலையங்கள் உள்ளே மோதி, இல்லாத இடத்தில் பேய் மாதிரி தலைகாட்டும்.

லோக்கல் (பக்கத்து நிலையம்), டி.எக்ஸ். (தூரத்து நிலையம்) என்று சுவிட்சு இருந்தால் லோக்கலில் போடுங்கள். இல்லையென்றால் 1 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை வாங்கி, இரண்டு ஓரக் கால்களில் ஆன்டெனாவையும் எர்த்தையும், நடுக் காலில் ரேடியோவையும் கட்டுங்கள். திருகிக் குறைக்கக் குறைக்கப் பேய்கள் ஓடி, உண்மையான நிலையம் மட்டும் நிற்கும் ஓர் இடம் வரும். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி: கிளிப்பைக் குச்சியின் உலோகத்தில் கவ்வாமல், உறை ஒயரைக் குச்சியைச் சுற்றி நாலு சுற்று மட்டும் சுற்றிவிடுங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி. பாதி நாள் நான் இப்படித்தான் கேட்கிறேன்.

மலிவான ரேடியோக்களில் இன்னொரு வகைப் பேயும் உண்டு. வரும் சிக்னலை உள்ளே 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி வேலை செய்யும் ரேடியோவில், ஒரு நிலையம் தன் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் கேட்கும். 9910-இல் இருப்பது 9000-த்திலும் வரும். அலைவரிசைக் கணக்கு சந்தேகமாக இருந்தால் 910-ஐக் கூட்டி அங்கே போய்ப் பாருங்கள். அதே குரல் இன்னும் பலமாகக் கேட்டால் கீழே இருந்தது நிழல்.

“காற்றடித்தால் கர் கர், மழை வந்தால் சுத்தமாகப் போய்விடுகிறது”

காற்றில் கரகரப்பு வந்தால் இணைப்பில் கோளாறு. முறுக்கி டேப் சுற்றி விட்ட இடம் எங்கேயோ இருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றாத முறுக்கு முதல் வருடம் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் செம்புக்கு மேல் களிம்பு படிந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒட்டியும் விட்டும் விளையாடும். கடலோர ஊர்களில் ஒரு வருடம்கூடத் தாங்காது. நான் ஒரு தடவை டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது, முட்டையெல்லாம் வைத்திருந்தது. முடிந்தவரை ஆன்டெனா முனையிலிருந்து டப்பா வரை ஒரே ஒயராக, இடையில் ஒட்டே இல்லாமல் கொண்டுவாருங்கள். ஒட்டு தவிர்க்க முடியாது என்றால் ஈயம் வையுங்கள்.

ஒயர் கிளையில் உரசினாலும் இதே சத்தம் வரும். மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தால் ஆடிக் காற்றில் மரம் ஒரு பக்கம் சாயும், ஒயர் வராது, ஏதாவது ஒன்று அறும். கிளையில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டு, நுனியில் அரைச் செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும், ஒயர் நிம்மதியாக இருக்கும். கல்லுக்கு நேர் கீழே யாரும் உட்காராத இடமாகப் பாருங்கள். சாதா நைலான் கயிறு நம் வெயிலில் இரண்டு கோடைக்குள் நூல் நூலாகப் பிரிந்துவிடும். தொட்டால் பொடி உதிர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மழையில் மட்டும் போனால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கேபிள் டப்பாவுக்குள் மேலிருந்து நுழையக் கூடாது, கீழிருந்து நுழைய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஒரு தொங்கல் விட்டு வளைந்து ஏறி வர வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி விழும். இல்லாவிட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து ரேடியோவுக்குள் இறங்கும். ஆர்.ஜி-6-இல் ஒரு தடவை தண்ணீர் புகுந்து வலை கறுத்துவிட்டால் காய வைத்தெல்லாம் பயன் இல்லை. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

“கம்பியைத் தொட்டால் சுள்ளென்கிறது”

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றும் மூன்று விதம்.

ரேடியோ அடாப்டரில் ஓடும்போது, வெறுங்காலோடு நின்று தொட்டால் லேசான சிலிர்ப்பு, அடாப்டரைக் கழற்றினால் போய்விடுகிறது என்றால் அடாப்டரின் கசிவு. பேட்டரிக்கு மாறுங்கள்.

ரேடியோவில் செருகாமலே, வானம் கறுத்துக் காற்று வீசும்போது நுனியைத் தொட்டால் படக்கென்று ஒரு பொறி என்றால் நிலைமின்சாரம். ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டால் அது சேராமல் ஒழுகிவிடும். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் கட்டியவர்களுக்கு இது தேவையில்லை, 15 சுற்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் வானம் கறுத்திருக்கும்போது கம்பியைத் தொட்டுப் பார்ப்பது சோதனை இல்லை, முட்டாள்தனம்.

எதுவும் செருகவில்லை, வானம் தெளிவாக இருக்கிறது, அப்படியும் டெஸ்டர் எரிகிறது என்றால் கம்பி எங்கோ மின்கம்பியையோ சர்வீஸ் ஒயரையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. கிட்டவே போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை அணைக்க வைத்து, அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

“நேற்று வந்தது இன்று இல்லை”

கம்பியை அவிழ்க்கும் முன் கடிகாரத்தையும் காலண்டரையும் பாருங்கள்.

பகலில் வானத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலை மேலே பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வரும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் உள்ளூரில் பகல் முழுக்க வரும். தூரத்து ஊர்க்காரருக்கு இரவில் வந்து, அலை அலையாக ஏறி இறங்கி, காலையில் காணாமல் போகும். இது கோளாறு இல்லை. சிற்றலையில் பகலுக்கு 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள், இரவுக்கு 6, 7, 9. இரவு பத்து மணிக்கு 17-இல் ஒன்றும் இல்லையே என்று ஆன்டெனாவைத் திட்டிப் பயன் இல்லை.

பட் பட் என்று வெடிப்புச் சத்தம் விட்டுவிட்டு வந்தால் அது இடி. நம் தலைக்கு மேல் இருக்க வேண்டியதில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மின்னினாலும் மத்திய அலையில் கேட்கும். சித்திரை, வைகாசி மாலைகளும் ஐப்பசியும் இதற்குப் பேர் போனவை. மார்கழி, தை இரவுகளில் இடி அடங்கிவிடும். பொங்கலுக்கு முன்பின் கேட்டதை வைத்துக்கொண்டு மே மாதத்தில் ஒப்பிடாதீர்கள்.

பட்டப்பகலில் சிற்றலை முழுவதும் ஒரே நேரத்தில் செத்து, உள்ளூர் எஃப்.எம். மட்டும் ஓடுகிறது என்றால் சூரியனில் ஒரு வெடிப்பு நடந்திருக்கலாம். சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தானாகத் திரும்பும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் சங்கடம். நிலையமே நின்றிருக்கலாம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுவிட்டது. ஆகாசவாணியும் பல சிற்றலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தமிழோசை வரவில்லை, கம்பியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக் கொடு தம்பி என்று கேட்டார். கட்டியும் கொடுத்தேன். அது நின்றுவிட்டது ஐயா என்று சொல்ல மனம் வரவில்லை. அன்று ராத்திரி 882-இல் புத்தளத்திலிருந்து வரும் தமிழ் நிகழ்ச்சியைப் பிடித்துக் கொடுத்தேன். சிலோன்தானே, தெரியும் என்றார்.

“எஃப்.எம்.முக்கும் இதையே மாட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது”

ஆகத்தான் செய்யும். எஃப்.எம். அலை மூன்று மீட்டர்தான், இருபது மீட்டர் ஒயர் அதற்கு ஆகாது. கொடைக்கானல் 100.5-க்கு என்றால் 71 சென்டிமீட்டர் ஒயர் இரண்டு, ஒரு குச்சியில் எதிரெதிராக நீட்டி, நடுவில் ஆர்.ஜி-6 கேபிளின் நடுக் கம்பியை ஒன்றிலும் வலையை மற்றதிலும் கட்டுங்கள். படுக்கை வாட்டிலும் நிமிர்த்தியும் பார்த்து எது பலமோ அப்படி விட்டுவிடுங்கள். எஃப்.எம்.மில் நீளத்துக்கு மதிப்பு இல்லை, உயரத்துக்குத்தான். கொடைக்கானல் மலை 2,000 மீட்டருக்கு மேல் என்பதால் அடிவானக் கணக்கில் 180 கிலோமீட்டருக்கு மேல் எட்டுகிறது. நடுவில் வேறு மலை மறைத்தால் கம்பி என்ன செய்யும்.

“இடி மழைக்கு அப்புறம் ரேடியோ செவிடாகிவிட்டது”

பொத்தான் எல்லாம் வேலை செய்கிறது, எஃப்.எம். வருகிறது, சிற்றலை மட்டும் பஞ்சு அடைத்த காது மாதிரி. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் அதிர்வு கம்பியில் ஏறி, ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிட்டது. நேரடியாக விழுந்திருந்தால் ரேடியோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நல்ல மெக்கானிக் கிடைத்தால் அந்த ஒன்றை மாற்றித் தருவார். அது சின்ன வேலைதான், ஆள் கிடைப்பதுதான் பெரிய வேலை. ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் இடையே 1என்4148 டையோடு இரண்டை எதிரும் புதிருமாகப் போட்டால் சின்ன அதிர்வுகளைத் தாங்கும். ஆனால் பலமான நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்த டையோடே கலப்படச் சத்தத்தைக் கொண்டுவரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த டையோடும் மின்னலை நிறுத்தாது. நான் ஜன்னலுக்கு வெளியே, கேபிள் சுவரைத் தொடும் முன், ஒரு கனெக்டர் வைத்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் அங்கே கழற்றிவிடுவேன். அந்த முனை சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில், கவிழ்த்து வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தொங்கும். மழைச் சொட்டு உள்ளே போகாது. ஐப்பசி பிறந்துவிட்டால் காலையில் வேலைக்குப் போகும் முன் அது பாட்டிலுக்குள் இருக்கிறதா என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.